சொட்டுத் தண்ணீர் வராத குழி

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் யார் வீட்டுத் தறியிலாவது பாவில் ஒரு இழை தொய்ந்துபோய், எது என்று தெரியாமல் விழித்தால் சம்பூர்ணத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து, நீட்டிக் கட்டியிருக்கும் பட்டு நூல்களின்மேல் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் சோம்பிக் கிடக்கும் அந்த ஒன்றைச் சுண்டி எடுத்துக் காட்டுவாள். காட்டிவிட்டுச் சும்மாவும் போகமாட்டாள். "இது தொஞ்சிப்போயிக் கெடக்குது. இத்தப் பாக்காம இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் படி இறங்குவாள். தொய்வு என்றாலே அவளுக்கு ஆகாது. இழையில் ஆகாது, துணி காயப்போடும் கொடியில் ஆகாது, மனிதர்களிடம் சுத்தமாக ஆகாது. தெருவில் அவளுக்கு 'விறைப்பு சம்பூர்ணம்' என்று பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஐயம்பேட்டையில் பிறந்தவள். இருபது வயதில் ராமலிங்கத்தைக் கட்டிக்கொண்டு இந்தப் பழைய வீட்டுக்கு வந்தாள், வந்த ஆறாம் மாதம் தறியில் உட்கார்ந்தாள். இப்போது ஐம்பத்து மூன்று நடக்கிறது. அவளுடையது குழித்தறி. வீட்டுத் தரையில் இடுப்பளவு பள்ளம் வெட்டியிருக்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு, கூரை விட்டத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி நெய்ய வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் பாதங்கள் பகலெல்லாம் தரைக்குக் கீழேதான் குடியிருக்கின்றன.

குழிக்கு ஒரே எதிரி தண்ணீர். மழை வலுத்து வேகவதி ஆற்றில் வெள்ளம் என்றால் போதும், அந்தத் தெருவில் எல்லார் வீட்டுக் குழியிலும் ஊற்று கிளம்பிவிடும். 2015 மழையில் சம்பூர்ணத்தின் தறி இருபத்திரண்டு நாள் நின்றது. ராமலிங்கம் இறைத்தார், இறைத்தார், இடுப்பு ஒடிய இறைத்தார். அவர் ஒரு குடம் எடுத்தால் பூமி ஒன்றரைக் குடம் கொடுத்தது. மழை விட்டதும் மனிதர் சபதம் போட்டுவிட்டார். மேஸ்திரி மாணிக்கவேலைக் கூட்டிவந்து, குழியின் அடியில் கம்பி கட்டி, நாலு பக்கமும் கான்கிரீட் போட்டு, நீர் கசியாத மருந்து கலந்து பூசி, அந்தப் பூச்சைக் குழியை ஒட்டிய முதுகுப்பக்கச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஏற்றியும் விட்டார். "இனிமே சொட்டுத் தண்ணி வராது" என்றார்.

வரவில்லைதான். அடுத்த பெருமழையில் தெருவே இறைத்துக்கொண்டிருந்தபோது, இவர் குழிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். பார்க்க வந்தவர்களுக்கு டீ போட்டே சம்பூர்ணம் அலுத்துப்போனாள்.

2021 நவம்பரில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீடு உயரப் படிகள் வைத்தது என்பதால் உள்ளே ஏறவில்லை. குழியும் காய்ந்துதான் கிடந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதும் என்று மூன்றாம் நாள் காலை சம்பூர்ணம் தறியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் புடவை, முக்கால் பங்கு நெய்தாகிவிட்டது.

பத்து மணி வாக்கில் மிதி, குழியின் தரையில் இடித்தது. டொக் என்று ஒரு சத்தம். முழுக்க அழுத்தி மிதித்தாலும் மிதிக்கும் தரைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். கயிறு இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று அவிழ்த்து, ஒரு விரல் ஏற்றிக் கட்டினாள். முக்கால் மணி நேரம் ஓடியிருக்காது, மறுபடி டொக். மறுபடி ஏற்றிக் கட்டினாள். மழை ஈரம், கயிறு ஊறித் தளர்கிறது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டாள். நெய்கிறவளுக்கு எது கெட்டாலும் நூலிலும் கயிற்றிலும்தான் கை போகும். வேறு எங்கே போகும்?

மூன்றாம் முறை டொக் என்றபோது முடிச்சில் வைத்த கை அப்படியே நின்றது. கயிறு முறுக்கேறிக் கல்லாக இருந்தது. நனைந்த கயிறு சுருங்கும், எங்கேயாவது நீளுமா? பிறந்த நாளிலிருந்து தெரிந்த சங்கதி, காலையிலிருந்து புத்தியில் ஏறவில்லை. கயிறு விட்டத்திலிருந்து தொங்குகிறது. விட்டம் இறங்கவில்லை, கயிறும் இறங்கவில்லை. அப்படியானால் தரை ஏறியிருக்கிறது.

எழுந்து பார்த்தாள். குழியின் சிமெண்ட் விளிம்பு வீட்டுத் தரையைவிட இரண்டு விரல் உயர்ந்து நின்றது. அதன்மேல்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பினாள். முதுகுப் பக்கத்துச் சுவரில், ராமலிங்கம் ஏற்றிப் பூசிய பூச்சு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு விரிசல் சாய்வாக மேலே ஓடியிருந்தது. அவள் சுண்டு விரல் நகம் அதற்குள் போனது.

அது பொதுச்சுவர். அந்தப் பக்கம் பொன்னியம்மாள் வீடு. அவள் மகள் நதியா பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகிறது. தாயும் பிள்ளையும் படுத்திருப்பது இதே சுவரை ஒட்டிய அறையில்.

"ஏங்க, இங்க வாங்க" என்றாள். குரலைக் கேட்டே ராமலிங்கம் வேகமாக வந்தார். விளிம்பைப் பார்த்தார், குனிந்து குழிக்குள் பார்த்தார். "உள்ள ஒரு சொட்டுகூட இல்லியே" என்றார்.

"சொட்டு இல்லாததுதான் இப்போ வென. சொவுத்தப் பாருங்க."

பார்த்தார். "பழைய சொவுரு, விரிஞ்சிருக்கும். கான்கிரீட்டு பொட்டி அது. எப்டி ஏறும்?"

சம்பூர்ணம் பாவு மிச்சத்திலிருந்து ஒற்றைப் பட்டிழை ஒன்றை எடுத்தாள். காலைச் சோற்றில் இரண்டு பருக்கை எடுத்துக் குழைத்து, இழையை விரிசலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இறுக்காமல் ஒட்டினாள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இழை மெல்ல நிமிர்ந்தது. சுண்டிப் பார்த்தாள், விறைப்பு. பின்னும் விறைத்தது. அடுப்பில் உலை வைத்து இறக்கும் நேரம் ஆகியிருக்கும், இழை அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருத் தண்ணீரில் இறங்கி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "பொன்னியம்மா, கொழந்தைய எடுத்துக்கினு வேற எங்கனா போயிடுங்க. சொவுரு விரிஞ்சிக்கினு வருது."

"எங்கக்கா போறது?" என்றாள் பொன்னியம்மாள். "பின்கட்டுல ஓடு சரிஞ்சி கொட்டுது. முன்னால தண்ணி நிக்குது. காஞ்ச எடம் இந்த ஒரு ரூம்தான். ஆபரேசன் பண்ணின ஒடம்பு, இந்தத் தண்ணில நடக்க வைக்க முடியுமா? ஆட்டோக்காரன் தெரு மொனையிலயே நிக்கிறான், உள்ள வரமாட்டேன்றான்."

தன் வீட்டுக்கு வா என்று கூப்பிடலாம் என்றால், இரண்டு வீட்டு விட்டமும் ஒரே சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து இங்கே வந்தாலும் தலைக்கு மேலே அதே ஆபத்துதான். உள்ளேயிருந்து குழந்தை சிணுங்கியது. "எங்க குழிதாம்மா அந்தச் சொவுத்தத் தூக்குது" என்று சொல்லிவிட்டு, பொன்னியம்மாள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் திரும்பி வந்தாள்.

வீட்டில் ராமலிங்கம் வேறு காரியத்தில் இறங்கியிருந்தார். அம்மிக்கல்லைக் கொண்டுவந்து குழிக்குள் இறக்கியிருந்தார். அரிசி மூட்டையையும் இறக்கியிருந்தார். ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "வெயிட்டு போட்டா அமுங்கிடும்" என்றார். குழி நனையாமல் காரியம் முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. சம்பூர்ணம் இரண்டாவது இழையை ஒட்டினாள். அம்மிக்கும் அரிசிக்கும் மரியாதை கொடுத்துக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கியது. பிறகு அதுவும் அறுந்தது. சுவருக்குள்ளிருந்து மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது.

"வெறுங்கொடத்தக் கொளத்துல வுட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"மெதக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் குழியைப் பார்த்தார். சுற்றிலும் பூமிக்குள் தண்ணீர் தளும்பி நிற்க, நடுவில் அவர் கம்பி கட்டிப் போட்ட அருமையான காலிக் குடம்.

"ரொப்பணும்" என்றாள்.

"கடப்பாரையால அடியில ஒரு ஓட்ட போட்டா தானா ரொம்பிடும்" என்று இழுத்தார்.

"ஒரு அடி அடிச்சா இந்தச் சொவுரு தாங்குமா? கொடத்த எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ஆறு வருஷமாக ஊருக்கே காட்டிய குழி. சம்பூர்ணம் காத்திருக்கவும் இல்லை. நெய்த புடவையையும் பாவையும் பிளாஸ்டிக் தாளால் மூடினாள், அரிசி மூட்டையை வெளியே இழுத்துப் போட்டாள், படியில் இறங்கித் தெருத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து குழிக்குள் கவிழ்த்தாள். பழுப்புத் தண்ணீர் சிமெண்ட் தரையில் விழுந்து பரவியது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ, "இன்னாக்கா, எல்லாரும் வெளிய எறச்சா நீ உள்ள ஊத்தற?" என்றார்கள். அவளுக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை.

ஐந்தாவது குடமோ ஆறாவது குடமோ, வாசலில் பொன்னியம்மாள் நின்றாள். கையில் குடம். சம்பூர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேச்சலாம் அப்பறம் வெச்சிக்கலாம்கா" என்று அவள் உள்ளே வந்து ஊற்றினாள். அவள் ஊற்றியதைப் பார்த்த பிறகுதான் ராமலிங்கம் அசைந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய பக்கெட்டை எடுத்தார்.

பொன்னியம்மாள் படியில் நின்று மொண்டு கொடுத்தாள், ராமலிங்கம் நடுவில் வாங்கினார், சம்பூர்ணம் குழியில் கவிழ்த்தாள். தண்ணீர் மிதிகளை மூடியது. வெயிலில் வைக்கக்கூட அவள் அஞ்சும் நல்ல மரம் அது. ஒருமுறை ராமலிங்கத்தின் பக்கெட் தளும்பி, தாள் விலகிய இடத்தில் பட்டின்மேல் சேற்றுத் தண்ணீர் தெறித்தது. அவர் பயந்துபோய் அவளைப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. அவள் தாளை இழுத்துவிட்டு, "கொண்டாங்க" என்று கையை நீட்டினாள்.

பாதிக் குழி நிறைந்தபோது மூன்றாவது இழையை ஒட்டினாள். ஒட்டிய கையோடு அது நிமிர்ந்தது. சுண்டினாள், விண்ணென்றது. அறுந்துவிடும் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் நதியா ஏதோ சொல்லிக் குழந்தையைத் தட்டுவது விரிசல் வழியாகவே கேட்டது. சம்பூர்ணத்துக்குப் பயம்தான். வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை. ஓடிப்போய் மறுபடி குடத்தை வாங்கினாள்.

எத்தனை குடம் என்று யாரும் எண்ணவில்லை. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்தபோது தரைக்கடியில் எங்கோ 'கட்' என்று ஒரு சத்தம். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பொன்னியம்மாள் குடத்தைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். ராமலிங்கம் நிறைந்த பக்கெட்டோடு உறைந்துபோய் நின்றார்.

சம்பூர்ணம் சுவரண்டை போனாள். ஜன்னல் வெளிச்சம் அவ்வளவு தூரம் வரவில்லை. கண்ணால் பார்க்க முடியாமல், பாவில் தேடுவதுபோல விரல் நுனியால் இழையைத் தேடினாள். இருந்தது. இரண்டு கரையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டினாள். விண்ணென்று எதுவும் வரவில்லை. இழை அவள் விரலோடு வந்தது, விட்டதும் நடுவில் தளர்ந்து கீழே வளைந்தது. குனிந்து விளிம்பைத் தடவினாள். இரண்டு விரல் உயரம் இருந்தது ஒரு விரலாகியிருந்தது.

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இன்னா ஆச்சு?" என்றார் ராமலிங்கம்.

"தொஞ்சிப் போச்சிங்க."

பக்கெட் அவர் கையிலிருந்து நழுவி, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அந்த வார்த்தை அந்த வீட்டில் நல்லதுக்கு வந்ததே கிடையாது. முகம் வெளுத்துச் சுவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். விறைப்பு சம்பூர்ணம் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். தொய்ந்த இழையை விரலில் எடுத்து எடுத்து விட்டு, "தொஞ்சிப் போச்சிங்க, நல்லாத் தொஞ்சிப் போச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.