உமா டீச்சரின் வலது பக்கம்

“வலது” என்று சொல்லிக்கொண்டே உமாமகேஸ்வரி டீச்சர் இடது கையை நீட்டுகிறார். எதிரே நிற்கிற பதினோரு பெண்பிள்ளைகளும் வலது கையை நீட்டுகிறார்கள். “இடது” என்கிறார், அவருடைய வலது கை நீள்கிறது. யாருக்கும் இதில் குழப்பமில்லை. எதிரில் நின்று பரதம் சொல்லிக்கொடுப்பவர் கண்ணாடி மாதிரி ஆடிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்குக் கை கால் பிடிபடும். மற்ற டீச்சர்கள் வகுப்பு முடிந்ததும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இவருக்குப் பதினாறு வருஷமாகக் கழலவில்லை.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் அவருடைய கணவர் சிவநாதன். பைக்கின் பின்னால் உட்கார்ந்து டீச்சர் “ரைட்டு” என்பார். கை இடது தோளைத் தட்டும். கல்யாணமான புதிதில் வாயை நம்பி வண்டியைத் திருப்பி, ஒரு சீமந்தத்துக்குப் போகவேண்டியவர்கள் முன்பின் தெரியாத ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது சிவநாதன் தோளை மட்டும்தான் கேட்கிறார். குடும்பம் நல்லபடியாக ஓடுகிறது.

வகுப்பு சனி, ஞாயிறு காலை ஏழரைக்கு, கோவில்பத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடிக் கொட்டகையில். கீழே குடியிருக்கிற தாவூது பாய் நல்ல மனிதர். மேலே பதினோரு பேர் மிதித்தால் அவர் வீட்டு ஃபேன் ஆடும். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. டீச்சர் படியேறும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “இன்னக்கி தட்டடவா, நாட்டடவாம்மா? நாட்டடவுன்னா நான் வீட்டுலயே இருந்துக்குறேன்.” காலால் தரையை ஓங்கி மிதிக்கிற தட்டடவு என்றால் பேப்பரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

அம்மாக்களுக்கு அனுமதி படிக்கட்டோடு சரி. துப்பட்டாவை இடுப்பில் கட்டி, ஊக்கு குத்தி, இட்லியின் கடைசி வாயைத் திணித்து மேலே அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. உள்ளே நிற்பதற்கும் ஒரு சட்டம் உண்டு. சேர்ந்த வரிசைதான் நிற்கிற வரிசை, உயரமெல்லாம் கணக்கில்லை. அதனால் நெடுநெடுவென்று வளர்ந்த பூங்கொடி முன்னால் நிற்பாள். பொங்கலுக்குப் பிறகு சேர்ந்த காவ்யா, கிளிஞ்சல்மேட்டுக் கண்ணையனின் மகள், ஏழு வயதுப் பொடிசு, கடைசியில் நிற்பாள். டீச்சர் “அரைமண்டி” என்பார். பிள்ளைகள் முட்டியை லேசாக மடக்கிவிட்டு அதுதான் அரைமண்டி என்று சாதிப்பார்கள். “பாதி உக்காரணும் கண்ணு. நீ உக்காரலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு நிக்கிற” என்று தட்டுக்கழியால் கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

டீச்சர் கடைசியாக மேடையேறியது கல்யாணத்துக்கு முந்தின வருஷம். ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து, அன்று ஆடியதைத் தனக்காக ஒருதரம் ஆடிப் பார்ப்போமே என்று நின்றிருக்கிறார். முதல் ஜதிக்கே இடது கை எழுந்தது. நாலுதரம் முயன்றும் இடதுதான். அழுகை அழுகையாக வந்தது என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, “சொல்லிக்குடுக்குறவளுக்கு என்னத்துக்குங்க வலது கை” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழு நவராத்திரி நெருங்கும்போதுதான் வினை வந்தது. பக்கத்துக் கோயில் நவராத்திரி மேடையில் மாலை ஆறு மணி டீச்சரின் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு வருஷத்துக்குக் கிடைக்கிற ஒரே மேடை அது. முந்தின வருஷம் டீச்சர் மேடைக்குக் கீழே நின்று ஆடிக் காட்ட, பிள்ளைகள் அத்தனை பேரும் அவரையே பார்த்து ஆடி முடித்தார்கள். இந்த வருஷம் கேட்கப் போனபோது விழாக் கமிட்டி தெட்சிணாமூர்த்தி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்:

“புள்ளைங்க நல்லாத்தான் ஆடுச்சுங்க டீச்சர். ஆனா கம்மலத் தொலச்சுட்டுத் தேடுற மாதிரி எல்லாம் கீழயே பாத்துச்சுங்க. இந்தத் தடவ நீங்க முன்னாடி நிக்கக்கூடாது. சரிவரலன்னா அடுத்த வருஷத்துலேந்து ஆறு மணிய சினிமா டான்ஸ் ஸ்கூலுக்குக் குடுத்துருவோம்.”

மேடை போனால் பாதிப் பிள்ளைகள் போய்விடுவார்கள். டீச்சருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவோடு வந்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். முகத்தைப் பார்க்காமல் ஆடப் பழகட்டும் என்று எண்ணம். “வலது” என்றார். பழக்கதோஷம், இடது கை போனது. பின்னால் பத்துப் பிள்ளைகளும் அப்படியே இடது கையை நீட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் கடைசியில் ஒரே ஒரு வலது கை.

“காவ்யா, எல்லாரும் ஒரு பக்கம் போனா நீ ஏண்டி வேற பக்கம் போற?”

“நீங்க வலதுன்னீங்க டீச்சர்.”

டீச்சர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் காவ்யாவைப் பார்த்தார். பூங்கொடியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை டீச்சரைச் சரியாகப் பார்த்ததே இல்லை. காதால் கேட்டே அத்தனையும் கற்றிருந்தது. பதினாறு வருஷச் சட்டம் அன்றைக்கு உடைந்தது. காவ்யா முன்னால், நடுவில். மற்ற பத்துப் பேரும் இரண்டு பக்கமும் சாய்வாக அவளுக்குப் பின்னால்.

படிக்கட்டில் பூங்கொடியின் அம்மா தையல்நாயகி வழிமறித்தார். நேத்து சேர்ந்த புள்ள முன்னாடி, எங்க புள்ள பின்னாடியா என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்? டீச்சர் செருப்பைத் தேடிக்கொண்டே பதில் சொன்னார்: “ஒங்க புள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கு. அதுக்குக் காது நல்லாருக்கு. கண்ணு பின்னாடி நின்னு பாத்துக்கட்டும்.”

நவராத்திரி மேடையில் ஆறு மணிக்குச் சி.டி. ஓடத் தொடங்கியது. டீச்சர் நாற்காலிகளுக்கெல்லாம் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். அங்கிருந்தும் இடது கை தானாக எழுந்து நின்றது. மேடையில் பத்துப் பிள்ளைகளின் கண்ணும் கீழே கம்மலைத் தேடின. காவ்யா யாரையும் தேடவில்லை. ஜதி விழுந்ததும் வலது கை போனது, கண் கையோடு போனது. பின்னால் பத்துக் கைகளும் அவளோடு போயின. அப்புறம் ஒரு தலையும் குனியவில்லை.

கடைசி வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றிருந்த காவ்யாவின் அப்பா கண்ணையன், பக்கத்தில் நின்றவரிடம் மேடையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தெட்சிணாமூர்த்தி எழுந்து திரும்பி, டீச்சர் எங்காவது ஒளிந்திருக்கிறாரா என்று தேடினார். ஜெனரேட்டர் ஓரத்தில் கண்டுபிடித்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் தலையாட்டினார். மேடையிலிருந்து இப்போது யாரும் அவரைத் தேடவில்லை. நீட்டியபடியே நின்ற இடது கையை மெல்ல இறக்கினார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இருட்டில் முழங்காலை மடக்கி அரைமண்டியில் அமர்ந்தார். அடுத்த ஜதிக்கு அவருடைய வலது கை எழுந்தது.