மணிக்குதிரைக்கு ரெட்டைப் பங்கு

அன்றைக்கு லாயத்தில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். போடியிலிருந்து ஏறி வந்த மாட்டு டாக்டர் இருந்தார். கொழுந்தனார், கையில் மண்வெட்டியோடு. மற்ற மூன்று குதிரைகளும் வெளியே நின்றன. மணிக்குதிரை செத்துக் கிடந்தது.

ஏலக்காய் மூட்டை சுமக்கிற குதிரைகள். முன்னால் போவதன் கழுத்தில் மணி கட்டுவோம். பனிமூட்டத்தில் அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் மற்றவை நடக்கும். அதனால் மற்றவற்றுக்கு நாளைக்கு ஒரு படி தீனி, அதற்கு இரண்டு படி. அளந்து போடுவது நான்.

"எங்களுக்கு ரெண்டாவது கரண்டி கேட்டா மொறைக்கிறீக மதினி. குதிரைக்கு மட்டும் ரெட்டைப் பங்கா?" என்பார் கொழுந்தனார்.

"நீங்களும் மூட்டை தூக்குங்க, போடுறேன்" என்பேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. மக்காச்சோளக் கதிரில் பூஞ்சை பிடித்தது. வீணாக்க மனசில்லை. உதிர்த்துக் கழுவி, அடுப்புக்கு மேலே காய வைத்தேன். வாடை போய்விட்டது. அதைத்தான் போட்டேன்.

மூன்று வாரத்தில் மணிக்குதிரையின் நடை மாறியது. நின்ற இடத்தையே சுற்றியது. பிறகு நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை, தீனியும் எடுக்கவில்லை. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். வீட்டுக்காரர் மலை இறங்கி டாக்டரைக் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் குதிரையின் தலையைத் திறந்து பார்த்தார். மூளையில் ஒரு பக்கம் கூழாகிக் கிடந்தது.

"என்னம்மா தீனி போட்டீக?"

"மக்காச்சோளம். கழுவித்தான் போட்டேன்."

"மேல உள்ள பூஞ்சைதாம்மா கழுவுனா போகும். அது விட்ட விஷம் உள்ளயே இருக்கும்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல்லுக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தோலு. அந்தத் தோலுக்கு ஒரு கொழுப்பு வேணும், ஸ்பிங்கோலிப்பிட்டுன்னு. உடம்பே அத செஞ்சுக்கிரும். இந்த விஷம் செய்ய விடாது. கொழுப்பு பத்தலைன்னா தோலு கெட்டுப்போகும். செல்லு வளராது, செத்துரும். குதிரைக்கு மூளையிலதான் அடிக்கும்."

"மத்ததுக?"

"ஒரு படிதான தின்னுச்சுக. இன்னைக்கே நிறுத்துங்க. பொழச்சாலும் பொழைக்கும்."

சிந்தின சோளத்தைப் பொறுக்கிய கோழிக்குஞ்சுகள் அந்த மாதம் முழுக்க வளராமலே நின்றன. அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரர் குனிந்து மணியைக் கழற்றினார்.

"நீ என்ன, வேணும்னேவா செஞ்ச?" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

கொழுந்தனார் குழி வெட்டினார். நான் விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொரு நாள். நாளைக்கு இரண்டு.

நாற்பத்திரண்டு படி.