பக்கத்து இருக்கையின் அளவு

அரத்தால் ராவி முடித்த தகட்டின் ஓரத்தில் அவர் ஒரு நைலான் துணித் துண்டை மெதுவாக இழுத்துப் பார்க்கிறார். நூல் மாட்டினால் மறுபடியும் அரம். மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், "இப்பதான் நீ மனுஷி" என்று தகட்டிடம் சொல்லிவிட்டு அதைச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்.

எங்கள் தெருவுக்கு அவர் தையல்காரம்மா. முன்னறையில் தையல் இயந்திரம், பள்ளிச் சீருடைகள், திரைச்சீலைகள், பிரித்துவிட வந்த கால்சட்டைகள். பின்னால் கார் ஷெட்டில் ஒரு விமானம். பொம்மை இல்லை; இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து பறக்கக்கூடிய நிஜ விமானம். வரைபடமும் அலுமினியத் தகடும் வாங்கி, ஒவ்வொரு துண்டாகத் தானே வெட்டி, அடித்து, மடித்துச் செய்கிறார். ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியாயிற்று.

அளவெடுக்க நிற்கிறவர்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அவர் நாடாவைப் பிடித்தபடி சும்மா நிற்பார். "நீங்க மூச்சு விடுங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்பார். என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

தகட்டில் ஊசியால் கோடு கீற மாட்டார். "கீறுன எடத்துலதான் பின்னாடி விரிசல் விடும்." அதனால் மைப்பேனா. இரண்டு மர அச்சுகளுக்கு நடுவே தகட்டை இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டி மடிக்கிறார். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி போய்ப் போய் வருகிறார். வளைவுகளில் தகடு அலையலையாகப் புடைக்கும். அங்கே குறட்டால் சின்னச் சின்னச் சுருக்கு. "கவுனுக்கு வைக்கிறதில்ல? அதேதான்." ரிவெட் ஆணி அடிக்கும்வரை துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்விகளுக்கு அவர் வைத்த பெயர் குண்டூசி.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஷெட்டை இழந்த அவருடைய பழைய கார் தெருவில் வெயில் காய்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

"என் வண்டி நின்னா எறங்கித் தள்ளலாம். உன் வண்டி நின்னா?"

"மெதுவா சறுக்கி எறங்கும், டிரைவர் சார். உங்க பஸ் மாதிரி நடுரோட்டுல நின்னு திட்டு வாங்காது."

"என்ன வேணா செஞ்சுக்கோ. நான் அதுல ஏற மாட்டேன்."

இதைக் கேட்டால் தையல்காரம்மா மரச்சுத்தியை எடுத்துக்கொள்வார். ஒற்றை இருக்கை விமானத்துக்கும் வரைபடம் கிடைத்ததாம்; வேலையும் குறைவாம். "தனியா மேல போயி யார்கிட்ட பேசுறது?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார். கேட்ட வேகத்தில் என் கால்சட்டையின் மடிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் பக்கத்து இருக்கைக்குத் தகடு வெட்டினார். யாரிடமும் அளவு கேட்கவில்லை. கணவர் இப்போது உடுத்துவதெல்லாம் கம்பெனி தைத்துக் கொடுக்கும் சீருடை. கல்யாணமான புதிதில் அவருக்குத் தைத்த கால்சட்டையின் இடுப்பளவு இவருக்கு மனப்பாடம்; அதிலிருந்து அகலத்தைக் கணக்குப் போட்டார். மனிதர் பெருத்திருப்பது தெரியாமலில்லை. அதற்காகத்தான் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக உள்ளே மடித்து விட்டிருந்தார். தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்கிற தையல்காரப் புத்தி.

பிறகு, சோபாவில் கணவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன இடத்தை நாடாவால் அளந்து பார்த்திருக்கிறார். இருக்கை போதாது. மடிப்பை நிமிர்த்தினார். நெடுக, முடிபோல ஒரு விரிசல்.

நான் என் கால்சட்டையை வாங்கப் போன நேரத்தில் அந்தத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "துணின்னு நெனச்சுட்டேன்" என்றார். வேலை முடிந்து வந்த கணவர் ஷெட் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்னது அது?"

"பக்கத்து சீட்டு."

அவர் தகட்டை வாங்கித் தன் இடுப்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதுல யாரு உக்காருறது, பூனையா?"

"பழைய அளவு. கல்யாணத்தப்போ எடுத்தது."

அவர் சிரிக்கவில்லை. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடுங்க" என்றார் தையல்காரம்மா. "சீட்டே வேண்டாம். ஒரு மணல் மூட்டையைக் கட்டி வச்சுட்டுப் போறேன். கனத்துக்குக் கனமும் ஆச்சு."

"மணல் மூட்டையா? எனக்குப் பதிலாவா?"

"அது பயப்படாது. பிரேக் எங்கன்னும் கேக்காது."

விரிசல் விட்ட தகடு கழிவுப் பெட்டிக்குப் போயிற்று. புதிய தகடு ஒன்றை மேசைமேல் விரித்து, துடைத்து, மைப்பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் கோடு போடவில்லை. ஒரு கை கழுத்தில் கிடந்த நாடாவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் பையைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் போட்டார். என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், வயிற்றை நன்றாக எக்கியபடி.

தையல்காரம்மா நாடாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

ஓட்டுநர் மூச்சை விட்டார்.