சிவப்பு விளக்கின் மேல் ஒரு குங்குமப் பொட்டு

அண்ணன் இருந்திருந்தால் இந்த நினைவு மலரைப் புரட்டிவிட்டு, தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என்னைத்தான் திட்டியிருப்பார். மாரண்டஹள்ளியில் பிறந்து, அப்பா போனதும் பள்ளியை விட்டு, வாடகைக் கார் ஓட்டி எங்களைக் கரை சேர்த்தவர். பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். அந்தப் பொறுமை குறுக்கே வரும் பைக்குகளிடம் செல்லாது என்பது அவரோடு காரில் போனவர்களுக்குத் தெரியும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. தர்மபுரி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. பாலக்கோட்டைத் தாண்டியதும் இஞ்சினில் கடகடவென்று சத்தம். அண்ணன் மீட்டரைப் பார்த்தார். பூஜையன்று அவரே வைத்த பெரிய சந்தன குங்குமப் பொட்டு அதன் கண்ணாடியில் காய்ந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்தார். அதன் அடியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து எரிகிறதோ, யாருக்குத் தெரியும்?

உடனே ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தார். இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஓட்டிவிடலாம் என்றேன்.

“ஆயில் மேல ஏறல பாப்பா. ஓட்டுனா இஞ்சின் ஜாம் ஆயிரும். ஆளில்லாத எடத்துல அம்மாவ வெச்சுட்டு நிக்கணும்.”

பானட்டைத் திறந்து அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் குறையவில்லை. அடியில் ஒழுகலும் இல்லை. பூஜைக்குக் கழுவியபோது விளக்கின் வயரில் தண்ணீர் போயிருக்குமோ என்று கேட்டேன். வயர் கோளாறு என்றால் சத்தம் வராது என்றார். பிறகு நடுரோட்டில் நின்று தக்காளி லோடு வண்டி ஒன்றை மறித்தார். அம்மாவையும் என்னையும் முன்னால் ஏற்றி, அவர் பின்னால் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சோறு போட்ட காரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். அம்மா பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் பாய் காரைக் கட்டி இழுத்துப் போனார். இஞ்சினில் அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் மீட்டரை மாட்டி ஒரு கணம் ஸ்டார்ட் செய்தார். முள் அசையவே இல்லை. ஆயில் இல்லாமல் இஞ்சின் பேரிங் தேய்ந்து போயிருந்தால் காரை விற்க வேண்டியதுதான் என்று அண்ணன் மெல்லச் சொன்னார். அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். ஆயிலை உறிஞ்சும் வலைச் சல்லடை முழுக்க ரப்பர்போலக் கெட்டியான பசை. முன்பு ஒழுகலை அடைக்க யாரோ அள்ளித் தடவியது உள்ளே பிதுங்கியிருந்தது. பேரிங்கில் கீறல் இல்லை. சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே ஏறியது. அதற்குப் பிறகுதான் அண்ணன் டீ கேட்டார்.

அம்மாவுக்காகக் காரை நிறுத்தியவர், தன் நெஞ்சு வலியை மட்டும் வாய்வு, வாய்வு என்றே சொல்லி ஓட்டினார். அதே மருத்துவமனையில், கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னார்: “நானும் பொட்டு வெச்சு மறைச்சுட்டேன் பாப்பா.”

பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த லோடு வண்டிக்காரருக்கும், மெக்கானிக் பாய்க்கும், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த ஆண்டு பூஜையில் அண்ணி ஸ்டீயரிங்குக்கு மட்டும் பொட்டு வைத்தார். மீட்டர் கண்ணாடியைத் துடைத்து அப்படியே விட்டார். உங்களில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், அண்ணன் பேரைச் சொல்லிக் கேட்கிறேன், வண்டியை நிறுத்துங்கள்.

கண்ணீருடன்,
தங்கை