எர்லிண்டா மாற்றி எழுதாத தாள்

லாஸ் வேகாஸில் ஒரு கேபிள் கம்பெனியின் தொலைபேசி அறையில், எர்லிண்டா பாக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். பெரிய சண்டை நடக்கும் சனிக்கிழமைகளில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வீட்டிலிருந்தபடி சண்டையைப் பார்க்க ஐம்பது டாலர் கட்ட வேண்டும்; அதற்கு எங்களைத்தான் கூப்பிட வேண்டும். எந்த வீரனுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே எர்லிண்டா சொல்லிவிடுவாள்.

அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. குத்துச்சண்டை என்றால் உயிர். அவளுடைய அப்பா ஆல்புகர்க்கியில் வீரர்களின் கைக்குத் துணி சுற்றிவிடும் வேலை பார்த்தவர். மேடையோரத்தில் வளர்ந்தவள். ரமீரோ மொன்டால்வோவின் படத்தைக் கணினித் திரையோரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அவன் தோற்ற வாரம் ஒருவரோடும் பேசமாட்டாள். கூண்டுக்குள் உதைத்தும் கட்டிப் புரண்டும் போடுகிற புதுச் சண்டையைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"கல்யாண வீட்ல குடிச்சிட்டு உருளுறவங்க மாதிரி இருக்கு. இதுக்கு ஐம்பது டாலரா?" என்பாள்.

அந்த வருடம் மே மாதம் யாரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்கள். ஒரே ஒளிபரப்பில் இரண்டு பெரிய சண்டைகள். ஒன்று மொன்டால்வோவின் குத்துச்சண்டை. இன்னொன்று கியோனி நாஹலே என்ற ஹவாய்க்காரனின் கூண்டுச் சண்டை. யார் பெயரைச் சொல்லி அதிகம் பேர் வாங்குகிறார்களோ, அவருக்கு லாபத்தில் பெரிய பங்கு என்று ஒப்பந்தம். அதனால் அழைக்கிற ஒவ்வொருவரிடமும், "யாரைப் பார்க்க வாங்குறீங்க?" என்று கேட்டு, மொன்டால்வோ, நாஹலே, இரண்டு பேரும் என்று மூன்று கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். தாளுக்கு அடியில் மஞ்சள் நகல் ஒன்று இருக்கும். எங்கள் கமிஷனுக்காக அதை நாங்களே வைத்துக்கொள்வோம்.

மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. "மொன்டால்வோதான் வேணும். அந்தக் கூண்டுக்காரனுங்க வந்தா நான் நாயைக் கூட்டிட்டு நடக்கப் போயிருவேன்" என்றார் ஒரு கிழவர். எர்லிண்டா முகம் மலர்ந்து கோடு போட்டாள். ஆனால் அடுத்த அழைப்பில் ஒரு ஹவாய்க்காரி, "எங்க வீட்ல இருபத்தாறு பேரு உக்காந்திருக்கோம். கியோனிக்காக பன்றிக்கறி காலையிலேர்ந்து வேகுது. சீக்கிரம் போடும்மா!" என்றாள். அப்படி ஒன்றல்ல, பத்தல்ல. கல்லூரிப் பையன்கள், டிரக் ஓட்டிகள், நர்சுகள் எல்லோரும் நாஹலே, நாஹலே என்றார்கள். நான்கு மணிக்கு எர்லிண்டா காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "மீஹா, உன் தாள்ல எப்படி?" என்று கேட்டாள். தன்னைவிட இளையவளை அவள் அப்படித்தான் ஸ்பானிஷில் மகளே என்று கூப்பிடுவாள். என் தாளிலும் அதே கதைதான். அவள் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஆறு மணிக்குத் தொடர்பை மூடினோம். எர்லிண்டாவின் தாளில் நாஹலேவுக்குத் தொண்ணூற்று நான்கு, மொன்டால்வோவுக்கு எழுபத்தொன்று, இரண்டு பேரும் என்றவர்கள் முப்பது.

மேற்பார்வையாளர் ஆல்ட்ரிச் புதுத் தாள்களோடு வந்தார். குத்துச்சண்டை நடத்துகிறவர்களோடு அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"ரெண்டு பேரும்னு சொன்னவங்களை மொன்டால்வோ கட்டத்துல சேர்த்து எழுதிருங்க. மஞ்சள் நகலையும் குடுத்துருங்க" என்றார்.

அறையில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேர் எழுதினோம். என் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டும் செலவு இருந்தது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு அதைக்கூட நினைக்கவில்லை. சொன்னார், எழுதினேன்.

எர்லிண்டா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எர்லிண்டா, உங்க தாள் மட்டும்தான் பாக்கி."

"மேஜை மேல இருக்கு."

"அது பழசு."

"இப்பதான் எழுதுனேன். மையே காயலை, அதுக்குள்ள பழசாயிருச்சா?"

ஆல்ட்ரிச் சிரித்துப் பார்த்தார். "நீங்க மொன்டால்வோ ஆளாச்சே! உங்க ஆளுக்குத்தானே நல்லது பண்றோம்?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "அவன் பதினோரு வருஷம் மூக்கு உடைஞ்சு சம்பாதிச்ச பேரு அது. நீ பேனாவால பிச்சை போட்டு அவனை அசிங்கப்படுத்தாத."

"மஞ்சள் தாளைக் குடுத்துட்டுப் போங்க."

"என் கமிஷன் தாள். வேணும்னா போலீஸைக் கூப்பிடு."

திங்கட்கிழமை அவளுக்கு வேலை போயிற்று. செவ்வாய்க்கிழமை, மொன்டால்வோதான் அதிகம் பேரை இழுத்தான் என்று செய்தி வந்தது. வானொலியில் ஒருவர், கூண்டுச் சண்டையின் காலம் முடிந்தது என்று கூவினார்.

எர்லிண்டா நேராக நாஹலேயின் பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். பேரனைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து விண்ணப்பம் நீட்டினார்களாம். "உங்க சண்டையை நான் காசு குடுத்தாலும் பார்க்க மாட்டேன். ஆனா உங்க ஆளைப் பார்க்க வாங்குன ஜனங்களை நான் எண்ணினேன். அந்த எண்ணிக்கையைத் திருடிட்டாங்க" என்றாளாம். நாஹலே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அவளுக்கு நாற்காலி போட்டானாம்.

அவளுடைய மஞ்சள் நகலை வைத்து நாஹலே தரப்பு புகார் கொடுத்தது; விசாரணை ஆகஸ்டில் நடந்தது. என்னையும் வேறு சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் கடையில் அவளைப் பார்த்தேன். எனக்கு முகம் கொடுக்கக் கூச்சம். "நீ என்ன சொல்லணும்னு நான் கேக்க மாட்டேன் மீஹா" என்று சொல்லிவிட்டு, தக்காளியைப் பொறுக்கப் போய்விட்டாள்.

கம்பெனி வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். "நீங்க நாஹலேயோட ரசிகைதானே?"

"நானா? என் பர்ஸ்ல யார் படம் இருக்குன்னு பாருங்க." எடுத்து மேஜையில் வைத்தாள். மொன்டால்வோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கலை. எழுதும்போது வயிறு எரிஞ்சுது. அதுக்காக மாத்த முடியுமா?"

"இருபத்திரண்டு தாள்ல ஒண்ணுதானே உங்களோடது?"

"ஆமா. அந்த ஒண்ணுதான் நிஜம்."

அடுத்து என் முறை. மாற்றி எழுதினேன் என்று சொன்னேன். சொன்னதும் எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் அதையே சொன்னார்கள்.

பெரிய பங்கு நாஹலேவுக்குப் போயிற்று. ஆல்ட்ரிச்சை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எர்லிண்டாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, அவள் கேட்கவுமில்லை. ஒரு ஹோட்டலில் தொலைபேசி எடுக்கும் வேலையில் சேர்ந்தாள், மணிக்கு இரண்டு டாலர் குறைவாக. மொன்டால்வோ ரசிகர் மன்றம் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டது. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை அவளோடு சாப்பிட்ட மன்றத் தோழிகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அதைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

நவம்பரில் மொன்டால்வோவின் அடுத்த சண்டைக்கு இரண்டு டிக்கெட் வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் ரசிகர் மன்றத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"துரோகி வந்துட்டா! கூண்டுக்காரனுங்க எவ்வளவு குடுத்தானுங்க?"

எர்லிண்டா நின்றாள். "ஒரு டி-ஷர்ட் குடுத்தாங்க. அதுவும் சின்ன சைஸு, உள்ள நுழையல. வழியை விடு, எங்க ஆளு மேடைக்கு வரப்போறான்."

யாரோ ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் வழிவிடவில்லை. அவள் தோளால் இடித்துக்கொண்டு போனாள்; நான் பின்னால் போனேன்.

அன்றைக்கு மொன்டால்வோ புள்ளிக் கணக்கில் தோற்றான். உச்சி வரிசையில் நின்று பன்னிரண்டு சுற்றும் கத்தியதில் எர்லிண்டாவுக்குக் குரலே போய்விட்டது. கார் நிறுத்துமிடம் வரை வெறும் காற்றாலேயே நடுவர்களைத் திட்டிக்கொண்டு வந்தாள்.