புதன்கிழமை, மணி பன்னிரண்டு ஐந்து

என் தந்தையாரின் கைக்கடிகாரத்துத் தோல்வாரில் வியர்வையும் ஆலைப் பஞ்சுத்தூசியும் நெடுங்காலம் ஊறிய ஒரு புளித்த மணம் இருந்தது. அதை முகர்ந்துகொண்டேதான் நான் முதன்முதலாக ஒரு ராக்கெட்டைப் பார்க்கப் புறப்பட்டேன். அந்தக் கடிகாரம் என் மணிக்கட்டில் ஏறிய நாளில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பின் தலைவனாக இருந்தேன். அறிவியலில் மூன்று ஆண்டுகளாக முதல் மதிப்பெண் என்னுடையது. இராஜபாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்தவர்களில், மழை நாளிலும் பிரார்த்தனைக்கு முன்பே வந்து நின்றவன் என்று தலைமையாசிரியர் வாயாலேயே பெயர் வாங்கியவன். என் தந்தையார் பஞ்சாலை ஒன்றின் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஆலையில் நேரம் அறிவிக்க ஊதுகிற ஊதுகுழலை எங்கள் ஊரில் "சங்கு" என்பார்கள். "அவிய உள்ள நுழையறதப் பாத்துட்டுத்தான் சங்கே ஊதுவாக" என்று தெருவில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். நேரம் என்பது எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு குலதெய்வம்.

கேரளக் கடற்கரையில், தும்பாவிலிருந்து சிறிய ஆய்வு ராக்கெட்டுகளை அடிக்கடி விண்ணில் ஏவிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அறிவியல் ஆசிரியர் யாருக்கோ எழுதி, எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். முப்பத்தைந்து மாணவர்கள் ஒரு வாடகைப் பேருந்தில் செவ்வாய்க்கிழமை புறப்பட்டு, செங்கோட்டை மலைப்பாதையில் பாதிப்பேர் வாந்தியெடுத்து, திருவனந்தபுரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் முற்பகலில் தும்பா போய்ச் சேர்வது என்று ஏற்பாடு. புறப்படும் நாளில் தந்தையார் தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். வார் பெரிதாக இருந்ததால் அம்மா ஆணியைக் காய்ச்சிப் புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்தார். "எத்தன மணிக்கு விடுறாவ, எத்தன செகண்டுல மறையுதுன்னு குறிச்சிட்டு வா. வந்து எனக்குச் சொல்லணும்" என்றார் தந்தையார். அவர் என்னிடம் ஒரு செய்தி கேட்டது அதுவே முதல்முறை. எனக்குத் தெரிந்து, கடைசி முறையும் அதுதான்.

தும்பாவில் தென்னைகளும், வெண்மணலும், அலுவலகமாகிவிட்ட ஒரு பழைய மாதாகோயிலும் இருந்தன. ஏவுமிடத்திலிருந்து வெகுதூரத்தில், கயிறு கட்டிய ஒரு மணல்மேட்டில் எங்களை நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்க்க, சாய்வாக நின்ற ஏவுதளம் துலாக்கிணற்றின் கட்டை போலத் தெரிந்தது. அதில் பொருத்தியிருந்த ராக்கெட் ஒரு நீண்ட உலக்கை அளவுதான் கண்ணுக்குப் பட்டது. "இம்புட்டுக்காணா?" என்றான் என்னருகே நின்ற வெங்கட்ராஜா. இராஜபாளையத்திலிருந்து என்னோடு ஒரே பேருந்தில் வந்து படித்த நண்பன் அவன்; வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுபவன்; இரண்டிலும் வாய் மூடாதவன். காக்கி உடுப்பு அணிந்த ஒருவர் வந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ஏவப்படலாம், முதலில் சங்கு ஊதும், அதன் பிறகு யாரும் கண்ணை எடுக்கக்கூடாது, எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும் என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிப் போனார். முன்வரிசையில் நின்ற நானும் வெங்கட்ராஜாவும் அதைத் தெளிவாகக் கேட்டோம். ஆசிரியர் அப்போது பேருந்து ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சங்கு என்றால் ஆலைச் சங்கு; நடுப்பகல் சங்கு என்றால் சோறு. அதிகாலையில் இரண்டு இட்டிலியோடு கிளம்பியிருந்த முப்பத்தைந்து வயிறுகளும் ஒருசேர அதைக் கேட்டன. ஆசிரியர் திரும்பி வந்து, "தலைவரே, மணி என்ன?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு அஞ்சு சார்" என்றேன்.

"இன்னைக்குப் புதனில்லா! பன்னெண்டுல இருந்து ஒன்றர வரைக்கும் ராகுகாலம். லட்சக்கணக்குல செலவழிச்சிச் செஞ்ச சாமான ராகுகாலத்துலயா விடுவான்? அவனும் நாள் நேரம் பாக்கத்தான செய்வான். ஒன்றரைக்கு மேலதான். எல்லாரும் அந்தத் தென்னந்தோப்புக்குள்ள போயி இலையப் போடுங்கலே" என்றார் அவர்.

வெங்கட்ராஜா என் விலாவில் இடித்தான். "ஏலே, சங்குக்குப் பொறவுதான விடுவோம்னாவ. சொல்லேம்லே" என்று கிசுகிசுத்தான். நான் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்லை மாணவன் மறுக்கக்கூடாது என்பது என் வளர்ப்பு. வகுப்புத் தலைவன் மறுத்தால் அது இரட்டைக் குற்றம். அந்த மௌனம் என் பிழை. அதை இங்கே அச்சில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மௌனம் ஒன்று, சொல் வேறொன்று.

கடலுக்கு முதுகைக் காட்டி, வெயிலுக்கு ஒதுங்கி, வரிசையாக உட்கார்ந்தோம். பொட்டலங்களைப் பிரித்துப் புளிச்சோற்றில் கை வைத்த நேரத்தில், பின்னால் பிரம்மாண்டமான ஒரு துணியைக் கிழிப்பது போன்ற ஓசை எழுந்தது. எழுந்து, ஒருவர் இலையை ஒருவர் மிதித்து, தென்னை மரங்களுக்கு வெளியே நாங்கள் ஓடி வந்தபோது வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. கடற்காற்று அதையும் வளைத்துக் கலைத்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பதினேழு. எத்தனை விநாடியில் மறைந்தது என்று குறிக்க எனக்கு ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் பேருந்துக்குள் யாரும் பாடவில்லை. வியாழன் பின்னிரவில் வீடு சேர்ந்து, தந்தையார் கேட்பதற்கு முன்பே காலையில் பள்ளிக்குப் பேருந்தேறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர், முழுப் பள்ளியின் முன்னிலையில், ராக்கெட் எப்படிப் போனது என்று வகுப்பைக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். "கையில கடிகாரம் கட்டியிருந்தது இவன்தான் சார். ராகுகாலம், இப்ப விடமாட்டாங்கன்னு சொன்னான். பிள்ளைகளும் நம்பிச் சாப்பிட உட்கார்ந்துட்டாங்க" என்றார். தற்காலிகப் பணியில் இருந்தவர். அந்த ஆண்டு நிரந்தரமாவதற்குக் காத்திருந்தவர். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் புரிந்தது. அன்று புரிந்தது, அறுநூறு பேரின் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது மட்டுமே. வெங்கட்ராஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

செய்தி எனக்கு முன்பே பேருந்தேறி இராஜபாளையம் போய்விட்டது. "நம்மூரு நாய்கூடச் சத்தம் கேட்டா நிமிந்து பாக்கும், இந்தப் பயலுவ குனிஞ்சில்லா தின்னுருக்கானுவ" என்று ஆலை அலுவலகத்திலேயே என் தந்தையார் காதுபடப் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றவில்லை. "கடியாரத்தக் கழத்தி வையி" என்றார். "மணி பாக்கக் குடுத்தா, நல்ல நேரம் பாத்துட்டு வந்திருக்க."

"நான் சொல்லலப்பா. சார்தான் சொன்னாவ."

"வாத்தியாரு பொய் சொல்லுவாரா?" என்று கேட்டார். அது கேள்வி அல்ல. அம்மா புதிதாகப் போட்ட துளையை விட்டுவிட்டு, பழைய துளையில் வாரை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடிகாரம் என் தம்பி கைக்குப் போயிற்று.

"ராகு" என்ற பெயர் அன்று ஒட்டியது. நான் இயற்பியல் படித்தேன். கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அதையே கற்பித்தேன். துறைத்தலைவனாக ஓய்வு பெற்றேன். முதலாண்டு வகுப்பில் ராக்கெட்டின் இயக்க விதியை எழுதத் திரும்பும்போதெல்லாம், கரும்பலகையின் மூலையில் யாரோ "12 – 1.30" என்று எழுதி வைத்திருப்பார்கள். அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். என் திருமணத்துக்கு முகூர்த்தம் குறித்தபோது பெண் வீட்டார், "மாப்பிள்ளையையே கேட்டுருவமே" என்று சிரித்தார்கள். இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று: தந்தையார் மருத்துவமனையில் கடைசியாகக் கிடந்தபோது, ஊசி போட வந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவந்தாம்மா ராகுகாலத்துல ராக்கெட்ட நிப்பாட்டுனவன்" என்றார். அன்போடுதான் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நேரத்தில் திருத்துவது முறையல்ல என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு நேரமே இல்லாமற் போயிற்று.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் முன்னாள் மாணவர் சங்கம் வெளியிட்டிருக்கும் மலர். அதில் வெங்கட்ராஜா அந்தத் தும்பாப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறான். மலர் வெளியீட்டையொட்டி எங்கள் வகுப்பில் எஞ்சியிருப்பவர்கள் பதினொரு பேர் ஒரு வேன் பிடித்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போனோம். அன்று தவறவிட்டதை இன்றாவது பார்ப்பது என்று திட்டம். இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டைகளைக் காட்டி, இருபுறமும் நீர் விரிந்த பாதையில் போய், பார்வையாளர் மாடத்தில் படிப்படியாக அமைந்த இருக்கைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே உட்கார்ந்தோம். எதிரே காடு, காட்டுக்கு அப்பால் ஏவுதளம், பெரிய திரைகளில் ராக்கெட்டின் படம். தும்பாவில் நாங்கள் பார்க்காமல் விட்டது உலக்கை என்றால், இது கோபுரம்.

சனிக்கிழமை, காலை பத்தை நெருங்கியிருந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த சென்னைப் பெண்மணி ஒருவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலமாச்சே, இப்பவா அனுப்புறாங்க?" என்று கணவரிடம் கேட்டார். வெங்கட்ராஜாவுக்கு அது போதும். "யம்மா, அதுக்கு எங்ககிட்டயே ஆளு இருக்கு. இந்தா இருக்காரு பாருங்க, ராகுகாலப் புரொபசரு. அவரு சொன்னா ராக்கெட்டு நின்னுரும்" என்று என் தோளில் தட்டினான். இரண்டு வரிசைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

அரை நூற்றாண்டுக்கு மேல் அடக்கி வைத்த கேள்வியை அப்போது கேட்டேன். "வெங்கட்டு, அன்னைக்கு அதச் சொன்னது யாரு? ஒனக்குத் தெரியும். என்ன இடிச்சதே நீதான். பொறவு எதுக்கு இப்பிடி எழுதுன?"

அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "தெரியும்லே. சார்தான் சொன்னாவ. சார் சொன்னாருன்னு எழுதுனா யாரு சிரிப்பா? மொத மார்க்கு வாங்குறவன் சொன்னான்னாத்தான் அது கத. செத்துப்போன மனுசன் பேர எதுக்குக் கெடுக்கணும்? நீ இருக்கியே, தாங்கிக்கிடுவ."

"எங்கப்பா அத நம்பிக்கிட்டே போயிட்டாருலே" என்றேன்.

அவனுடைய மூக்குக்கண்ணாடியின் இரு வில்லைகளிலும் செம்மஞ்சளாக ஒரு சுடர் ஏறியது. கூட்டம் எழுந்து கூவியது. நான் திரும்பினேன். காட்டின் தலைக்கு மேல் நெருப்பைக் காலாக ஊன்றி ராக்கெட் எழும்பிக்கொண்டிருந்தது. ஓசை இன்னும் வந்து சேரவில்லை. சிறிது நேரம் கழித்து அது வந்தது. தரை வழியாக, இருக்கை வழியாக, விலா எலும்புகளுக்குள். கைக்கடிகாரத்தை எப்போது பார்க்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் திரும்பியதிலிருந்து அது மேகத்துக்குள் மறையும்வரை எழுபத்திரண்டு விநாடிகள். குறித்துக்கொண்டேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

வெங்கட்ராஜா திரும்பும் வழியில் வேனுக்குள் என் பக்கம் வரவில்லை. சுள்ளூர்ப்பேட்டையில் இறங்கி ஒரு காப்பி வாங்கி வந்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். மதுரை தாண்டுவதற்குள், "ராகு ரெண்டாவது ராக்கெட்டு கெளம்புறதயும் கோட்ட விட்டுட்டாருலே" என்று பின்னிருக்கையில் யாரோ தொடங்கிவிட்டார்கள். அது அவன் குரல் இல்லை. மறுத்துச் சொல்ல அவன் குரலும் எழவில்லை.

இன்று இராஜபாளையத்தில் என் தந்தையாரின் ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்தச் சங்கு ஊதுவதில்லை. மணி பார்க்க யாரும் யாரையும் கேட்பதில்லை. கடிகாரம் தம்பி வீட்டில், வார் அறுந்து, முள் நின்று, மணம் போய்க் கிடக்கிறது. சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். அம்மா போட்ட துளை மட்டும் வட்டமாக, நாலு நாளுக்கு மேல் பயன்படாததால் விரியாமல், புதிதாகவே இருந்தது.

மலரின் முப்பத்தேழாம் பக்கத்தில், "ராகுகாலத்தில் ராக்கெட் விடமாட்டார்கள் என்று வகுப்புத் தலைவன் சொன்னான்" என அச்சாகியிருக்கிறது. அது தவறு. அதைச் சொன்னவர் அறிவியல் ஆசிரியர். நான் சொன்னது மணி பன்னிரண்டு ஐந்து என்பதை மட்டுமே. அந்த மணி சரியானது.