நாலாவது ஓலை வாசித்த பாட்டு

போன வாரம் சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, தருமபுரி ஆஸ்பத்திரி பெஞ்சில் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்தவரின் போன் அடித்தது. அந்தப் பாட்டு. முதல் வரி முடிவதற்குள் அவர் எடுத்து, "சொல்லு, தக்காளி என்ன வெல போவுது?" என்று கேட்டார். அவருக்கு அது வெறும் மணிச் சத்தம். எனக்கோ, இத்தனை வருஷம் கழித்தும், அதைக் கேட்டால் கை தானாகப் போய்த் தாலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.

என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உங்கள் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். நீ போன பிறகு நீ நடந்த தடத்தில் புல் முளைக்கும் என்கிற மாதிரி ஓர் அடி வரும், அவ்வளவு தெரிந்தால் போதும். படத்தில் காதலி கைவிட்டுப் போனதும் ஒருத்தன் தாடியோடு பாடுவான்.

அந்த அடியை முதன்முதலில் நான் கேட்கவில்லை, படித்தேன். எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை அங்கே எப்போதும் இருக்கும். காலை ஏழரை மணி வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷினில் ஒருத்தர் அடிப்பார். பெயர் வேண்டாம், பக்கத்து மெஷின் என்றே வைத்துக்கொள்வோம். ஒருநாள் அவர் அந்தப் பாட்டு முழுவதையும் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து, தாளை உருவி என் பக்கம் வைத்தார்.

"இதுல புல்லு மொளைக்கும்னா, அதுவரைக்கும் அவன் காத்திருப்பான்னு அர்த்தங்க" என்றார்.

"இல்லைங்க, அவ இனி வரவே மாட்டான்னு அர்த்தம்" என்றேன்.

எங்களுக்குள் நடந்தது மொத்தமே இவ்வளவுதான். ஒரு டீ கூட இல்லை. ஆனாலும் அந்தத் தாளை நான் ஜெபப் புத்தகத்துக்குள் எட்டு மாதம் வைத்திருந்தேன். கோயில் பூசையில் எல்லோரும் வேதாகமச் சங்கீதம் படிக்கும்போது நான் இதைப் படித்தேன். கடவுள் மன்னித்திருப்பார், நான் படித்தது அவருக்கும் புரிந்திருக்காது.

பிறகு அரூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். அரசாங்க உத்தியோகம், நல்ல குடும்பம், அப்பாவுக்குத் திருப்தி. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பக்கத்து மெஷினுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். எங்கள் கத்தோலிக்கச் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் போகிற வழியில். கல்யாணத்துக்கு மைக் செட் சவரி அண்ணன். டவுனில் கேசட் வந்துவிட்ட பிறகும் அவர் தன் தகரப் பெட்டி ரெக்கார்டுகளை விடவில்லை. பந்தலோரம் புளிய மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பாட்டு என்பது வெறும் பாட்டு இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாததெல்லாம் அதில்தான் வரும். ஒரு கல்யாணத்தில் சோறு பற்றவில்லை என்று மாப்பிள்ளை வீட்டு இளசுகள் பசியைப் பற்றிய பாட்டாகத் தேடிப் போடச் சொல்லி, பெண்ணின் மாமன்மார் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியது உண்டு. அதனால் எந்தப் பாட்டு வந்தாலும், இது யாருக்கு, யார் போடச் சொன்னது என்று பந்தலில் இருக்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அரூர் வேன் வந்து நின்றது. உள்ளே எனக்கு அத்தை தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இறங்கிப் பந்தலில் உட்காரவும், இரண்டு குழாயிலும் அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

பக்கத்து மெஷின்தான். அவர் வந்திருக்கிறார், சவரி அண்ணனிடம் சொல்லிப் போட வைத்திருக்கிறார், கோயிலில் சொல்லாததை இங்கே சொல்கிறார், நாலாவது ஓலை மாதிரி. எனக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தை அதைப் பார்த்து, "பொறந்த வூட்ட உட்டுப் போறதுன்னா அப்படித்தான் கண்ணு" என்று என் முகத்தைத் துடைத்து மறுபடி பவுடர் போட்டாள். அவளுக்கு அவள் அர்த்தம்.

ஜன்னல் வழியே மாப்பிள்ளையின் சித்தப்பா குரல் கேட்டது. பாட்டு விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். காபி டம்ளரைத் தொடாமல் எழுந்து நின்றிருந்தார்.

"பாட்ட நிறுத்துங்க. பொண்ணு வூட்டுல யாரோ எதையோ நமக்குச் சொல்றாங்க. மொதல்ல அது என்னன்னு தெரியட்டும், அப்புறம் கோயிலுக்குப் போலாம்."

பாட்டு நின்றது. வேன் டிரைவர் இறங்கியவர் மறுபடி ஏறி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா காபித் தூக்கோடு நின்றிருந்தார். புளி வியாபாரம் செய்தவர், விலை சொல்லும் நேரம் தவிர அதிகம் பேசமாட்டார். வீட்டில் ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவார். அவர் தூக்கைக் கீழே வைத்தார்.

"நாந்தாங்க போடச் சொன்னேன்" என்றார்.

"நீங்களா? இது காதல் தோல்விப் பாட்டுங்க."

"காதலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. தெனம் காலைல எம் மவ கெணத்துக்குப் போற தடம் ஒண்ணு இருக்குது. நாளைலேர்ந்து அதுல நடக்க ஆளில்ல. புல்லு மொளைக்கும்ல. அதத்தான அவன் பாடறான்."

துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சினார். "எம் பெரிய மவள பெங்களூர்ல குடுத்துட்டு ஆறு மாசம் எனக்கும் சோறு எறங்கலீங்க. நெசந்தான், அது பெத்தவங்க பாட்டுதான்" என்றார். அப்புறம் கேட்கவேண்டுமா, பந்தலில் ஆளுக்கு ஒரு அர்த்தம். ஒருத்தர் அது செத்துப்போன தன் உழவு மாட்டைப் பற்றியது என்றே சாதித்தார். சித்தப்பாவும் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். வேன் டிரைவர் இறங்கி இட்லி சாப்பிடப் போனார். நான் விட்ட பெருமூச்சில் அத்தை போட்ட பவுடர் பறந்திருக்கும்.

மாப்பிள்ளையிடம் பின்னால் பயந்து பயந்து கேட்டேன். அவர் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லையாம். வேனில் வந்தது ஒத்துக்கொள்ளாமல், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாராம்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் மறுவீட்டுக்கு வந்தபோது சவரி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பாப்பா, மன்னிச்சிரு. டீய ஒரு கையில வெச்சிக்கிட்டு ரெக்கார்ட திருப்பிப் போட்டுட்டேன். மேல்பக்கம் கல்யாணப் பாட்டு, அடிப்பக்கம் அந்த எழவு."

"அப்பா போடச் சொன்னாராமே?"

"உங்கப்பாவா? அவரு சொன்னது பூராவும் மாதா பாட்டு."

பக்கத்து மெஷின் வரவே இல்லை. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பாட்டு அது பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று எனக்கு வந்த சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. நிம்மதியாக அழுவது என்று ஒன்று உண்டு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஊருக்குக் கிளம்புமுன் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

புளி மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாராச்சும் ஒரு அர்த்தம் சொல்லித்தான ஆவணும். அந்தச் சித்தப்பங்காரன் ஒண்ணு சொன்னான், நான் ஒண்ணு சொன்னேன்."

எனக்கு ஓர் அர்த்தம் இருந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொரு வருஷம் கழித்து அவர் இறந்தபோது அது கேட்கப்படாமலே போனது.

இப்போது குழாய் ஸ்பீக்கர் இல்லை. சவரி அண்ணன் ரெக்கார்டுகளைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டதாகக் கேள்வி. பாட்டை ஆளாளுக்குக் காதுக்குள் வைத்துக் கேட்கிறார்கள், யாரும் யாரையும் எழுந்து நின்று கேள்வி கேட்பதில்லை. ஒருவகையில் நல்லதுதான், எத்தனையோ பெண்கள் பிழைத்தார்கள். ஆனால் மகள்மேல் விழப்போன பாட்டை, அத்தனை பேர் முன்னால், அது என் பாட்டு என்று சொல்லித் தன்மேல் வாங்கிக்கொள்ள இன்று ஓர் அப்பாவுக்கு வழியும் இல்லை. எனக்கு அப்பாவும் இல்லை.